காற்று ஏறும் சத்தம்

"இன்னொரு சுத்து சுத்து சாந்தா, ரொம்ப முறுக்கிராத" என்று பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் சொல்கிறார். நான் ஜீப்பின் பானட்டுக்குள் இடுப்புவரை குனிந்து ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், மூக்குக்கு நேரே டீசல் வாசம், கன்னத்தில் ரேடியேட்டர் குழாய் உரசுகிறது, வியர்வை புருவத்தில் நின்று கண்ணுக்குள் இறங்கலாமா வேண்டாமா என்று பார்க்கிறது. இந்த போல்ட்டை இறுக்கிவிட்டால் டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசர் ஆடாமல் உட்கார்ந்துகொள்ளும். அது உட்கார்ந்துவிட்டால் ஒயர் கொடுக்க வேண்டும். ஒயர் முடிந்தால் காற்றுக்குழாய். குழாயும் முடிந்தால் அவர் மலைக்குப் போவார். மலைக்குப் போனால். அதற்கு மேல் என் புத்தி போக மாட்டேன் என்கிறது, அந்த இடத்தில் வந்து நின்று, திரும்பி மறுபடி போல்ட்டுக்கே வருகிறது. அதனால்தான் சுற்றுகிற மாதிரி கையை அசைத்துவிட்டு ஸ்பேனரை அதே இடத்தில் வைத்திருக்கிறேன். இரும்பில் இரும்பு உரசும் சத்தம் மட்டும் கேட்டால் அவருக்குப் போதும், எழுந்து வந்து பார்க்க மாட்டார். காலை நீட்டி பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருக்கிறார், அந்தக் காலுக்குள் தொடையிலிருந்து முட்டிவரை ஒரு இரும்புப் பட்டை, வலது மணிக்கட்டில் இன்னொன்று. லேத்துப் பட்டறையில் இருபது வருசம் இரும்பைக் கடைந்த கைக்கு இப்போது ஒரு டம்ளரைப் பிடித்தால் கட்டைவிரல் நடுங்குகிறது. அதனால்தான் வேலை எனக்கு வந்தது. நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவள், வீட்டு முன்ரூமில்தான் என் பட்டறை, ஊரில் எரிந்துபோன தண்ணி மோட்டார் பாதி என் மேசைக்குத்தான் வரும். ஒயர், ரிலே, ஃப்யூஸ் எல்லாம் எனக்குப் புதுசில்லை. "வெளிய குடுத்தா எவனோ எப்படியோ மாட்டுவான், நீ மாட்டுனீன்னா எனக்கு நிம்மதி" என்றார். அவருக்கு நிம்மதி. என் கையாலேயே மாட்டி என் கையாலேயே அனுப்பி வைக்க வேண்டும்.

நைட்டிக்கு மேலே அவருடைய பழைய சட்டையைப் போட்டிருக்கிறேன், நான் அசையும்போதெல்லாம் சட்டைப்பையில் ஒன்று லேசாக நெஞ்சைக் குத்துகிறது. அதைப் பற்றி இப்போது நினைக்கக் கூடாது. போல்ட்டைப் பற்றி நினை. அவர் இரும்புத் தகட்டை அளந்து, வெல்டிங் பட்டறையில் கொடுத்து, கம்ப்ரசர் உட்காருவதற்கென்று இந்தத் தாங்கியை அடித்து வாங்கி வந்திருக்கிறார், நாலு மூலையிலும் ரப்பர் வாஷர். அழகாகத்தான் இருக்கிறது. கம்ப்ரசரும் குழந்தையாட்டம் கொழுகொழுவென்று, தலையில் பட்டை பட்டையாக அலுமினியம், பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதற்குள்ளே அடைத்துத் திணிக்கப் போவது காற்று. காற்றை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. குக்கர் பெருமூச்சு விட்டால்கூட அடுப்பை அணைத்துவிடுகிறேன், பஸ் பிரேக் போட்டு புஸ்ஸென்று விடும்போது ரோட்டோரத்தில் நின்று கண்ணை மூடிக்கொள்கிறேன், ஜீப் கவிழ்ந்த அன்றைக்கு டயர் விட்ட அந்தச் சத்தத்தை நான் நேரில் கேட்டதேயில்லை, அவர் சொல்லித்தான் கேட்டது, ஆனாலும் கேட்டவளைவிட நன்றாகக் கேட்கிறது. ஜீப் வைத்திருக்கிறவர்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குப் போவார்கள், ஓடைக்குள்ளும் பாறை மேலேயும் ஏற்றி இறக்குவார்கள். பாறையில் ஏறும்போது டயரில் காற்றைக் குறைத்துவிட வேண்டுமாம், ரப்பர் பரந்து பாதம் மாதிரிக் கவ்விக்கொள்ளுமாம். திரும்பி தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்றடித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அவருடைய கால்பம்பின் குழாய் கிழிந்துவிட்டது. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். அடிவாரத்துப் பஞ்சர் கடைவரை மெதுவாகப் போய்விடலாம் என்று தனியாக இறங்கியிருக்கிறார். ஒரு வளைவில் தொளதொளத்த டயர் ரிம்மை விட்டுக் கழன்று புஸ்ஸென்றது, அவ்வளவுதான் தெரியும் என்றார், அதற்கப்புறம் மரம் தலைகீழாக நின்றது என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு, "மரம் தலகீழா நின்னுது சாந்தா, நானென்ன பண்ணட்டும்" என்று சிரித்தார்.

நான் அந்த நேரத்தில் ஒரு பெரிய மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். அவருடைய நம்பரிலிருந்துதான் போன் வந்தது, எடுத்து "எங்க வந்துட்டிருக்கறீங்க" என்று கேட்டேன், அந்தப் பக்கம் வேறு ஒரு குரல், "அக்கா, இது அண்ணனோட போனுங்க" என்றது. அவருடைய நம்பரில் வேறு ஒரு ஆளின் குரல். அந்தக் குரல் அதற்கப்புறம் நிறையச் சொன்னது, உயிர் இருக்கிறது என்றது, ஆம்புலன்ஸ் என்றது, ஆஸ்பத்திரிப் பேரைச் சொன்னது. எனக்கு அந்த முதல் வரி மட்டும்தான் நின்றது. இன்றைக்கும் அவர் பேர் போனில் வந்தால் எடுப்பதற்கு முன்னால் ஒரு கணம் நான் செத்துப் பிழைக்கிறேன். அவர் கடைத்தெருவிலிருந்து கூப்பிட்டு, தக்காளி எவ்வளவு வாங்க என்று கேட்பார்.

"என்ன சத்தத்தையே காணோம்?" என்கிறார். "இறுக்கியாச்சுங்க" என்கிறேன். வேறு வழியில்லாமல் இறுக்கித்தான் விட்டேன். அவருடைய போன் அடிக்கிறது. எனக்கு உடம்பு தூக்கிப்போடுகிறது, அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போதும் உடம்புக்கு அது தெரியவில்லை. கூட்டத்தில் மூத்தவரான மயில்சாமி அண்ணன்தான் பேசுகிறார், சத்தமாகப் பேசுகிறவர், இங்கே பானட்டுக்குள் வரைக்கும் கேட்கிறது. "ஏப்பா ஈஸ்வரமூர்த்தி, வர்ற ஞாயித்துக்கெழம நிச்சயமா வர்றியா, போன மொறையாட்ட ஏமாத்தீராத." அவர் சிரிக்கிறார். "கம்ப்ரசர் மட்டும் ஓடிட்டாப் போதுமுங்ணா, மொத வண்டி என்ற வண்டிதான்." மொத வண்டி. வர்ற ஞாயிற்றுக்கிழமை. அதாவது இனி நடுவில் ஒரு வாரம். நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கிறேன், வேண்டாம் வேண்டாம் என்றுதான் இருந்தேன், கை தானாகப் போய்விட்டது.

ஒயரை இழுக்கிறேன். பேட்டரியிலிருந்து தடிச் சிவப்பு ஒயர், அதன் கழுத்தில் ஃப்யூஸ் பெட்டி, அங்கிருந்து, சுவிட்ச் போட்டால் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலே, ரிலேயிலிருந்து கம்ப்ரசர். மெல்லிய ஒயர் ஒன்று தகட்டிலிருக்கும் ஓட்டை வழியாக உள்ளே போய் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலிருக்கும் சுவிட்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓட்டையில் ரப்பர் வளையம் போட்டிருக்கிறாரா என்று விரலால் தடவிப் பார்க்கிறேன், போடாவிட்டால் தகட்டின் விளிம்பு ஒயரை அறுத்து ஒரு நாள் தீப்பிடிக்கும், எனக்கு உடனே கண்ணுக்குள் ஜீப் முழுக்கத் தீ, உள்ளே அவர், கதவு திறக்கவில்லை. வளையம் இருக்கிறது. தீ அணைந்துவிட்டது. ஆனால் புகை எனக்குள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எதைத் தொட்டாலும் அதன் கடைசியில் அவர் சாகிறார். இந்த கிளிப் கழன்றால் சாகிறார், காற்றைச் சேர்த்து வைக்கிற சிலிண்டர் வெடித்தால் சாகிறார், எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் எதிரே ஒரு லாரி வருகிறது. நேற்று ராத்திரி சோறு போடும்போது கேட்டேன், "போயே ஆகோணுங்களா?" அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இதும் இல்லாட்டி நான் என்ன பண்றது" என்றார். லேத்தை மச்சினன் பார்த்துக்கொள்கிறான், இவர் போய் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறார். அப்படிக் கேட்டால் நான் என்ன சொல்ல முடியும். போகாதீங்க என்று சொன்னால் போகாமல் இருந்துவிடுவார், அதுதான் என் பயம், நான் சொன்னேன் என்பதற்காக இருந்துவிட்டு, பிறகு சாயங்காலமெல்லாம் இந்தச் சேரில் உட்கார்ந்து ஜீப்பைப் பார்ப்பார், என்னைப் பார்க்க மாட்டார். நான் சொல்லக் கூடாது. ஜீப்பே சொல்ல வேண்டும். கம்ப்ரசரே சொல்ல வேண்டும்.

காலையில் டேப் எடுக்க என் பட்டறைக்குள் போனபோதுதான் அது கண்ணில் பட்டது. டப்பாவில் எரிந்துபோன ஃப்யூஸ் ஒன்று கிடந்தது, உள்ளே இருக்கும் கம்பி நடுவில் உருகி ஒரு மயிரிழை இடைவெளி, வெளியே பார்த்தால் புதுசு மாதிரியேதான் இருக்கும். கையில் எடுத்தேன். தூக்கிப்போடத்தான் எடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இதைப் போட்டு மூடியை மூடிவிட்டால், சுவிட்ச் ஒயர் தனி என்பதால் ரிலே டக்கென்று அடிக்கும், கம்ப்ரசர் மட்டும் ஓடாது. கடையிலிருந்து வந்த சாமானே கெட்டது என்று நினைத்துக்கொள்வார். திருப்பி அனுப்புவார். வர ஒரு மாசம் ஆகும். ஒரு மாசத்துக்குள் மழை பிடித்துக்கொள்ளும், மழையில் மலைப்பாதையை அடைத்துவிடுவார்கள். எனக்கு ஒரு மழைக்காலம் கிடைக்கும். நான் என்ன திருடுகிறேன், ஒரு மழைக்காலம்தானே. காயில் கட்டுகிற இத்தனை வருசத்தில் ஒரு மோட்டாரைக்கூட நான் ஏமாற்றி அனுப்பியதில்லை, ஒரு சுற்றுக் குறைத்ததில்லை. விரல்கள் அதைத்தான் நினைக்கின்றன, மூடியைத் திறக்கிற விரல்களுக்கு வெட்கமாக இருக்கிறது. "வெளிச்சம் பத்துதா, டார்ச் வேணுமா?" என்கிறார். "வேண்டாமுங்க" என்கிறேன், ரொம்ப வேகமாகச் சொல்லிவிட்டேன். நல்ல ஃப்யூஸ் பைக்குள் போகிறது, எரிந்தது பெட்டிக்குள் உட்காருகிறது. மூடி கிளிக்கென்று மூடிக்கொள்கிறது. இப்போது நெஞ்சில் குத்துவது நல்ல ஃப்யூஸ்.

காற்றுக்குழாயை மாட்டுகிறேன், இதை மட்டும் ஏனோ ஒழுங்காகச் செய்கிறேன், மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றி, ஜீப் படிக்கு அடியிலிருக்கும் சின்னச் சிலிண்டர்வரை குழாயைக் கொண்டுபோய், ரேடியேட்டரின் வெந்நீர்க் குழாயில் படாமல் ஒதுக்கிக் கட்டி. ஓடாது என்று தெரிந்த மிசினுக்கு எதற்கு இவ்வளவு பாங்கு. "முடிஞ்சுதுங்க" என்றபோது என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவர் எழுந்தார், சேரின் கையை ஊன்றி, நல்ல காலில் முதலில் நின்று, பிறகு மற்றதை இழுத்துக்கொண்டு வந்தார். ஜீப்புக்குள் ஏறாமல், வெளியே நின்றபடியே கதவு வழியாகக் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். நான் அப்போது அதைக் கவனிக்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏமாற்றம் எப்படி வரும், எவ்வளவு நேரம் இருக்கும், நான் தாங்குவேனா என்று. சுவிட்சை அழுத்தினார். ரிலே டக்கென்றது. அப்புறம் ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு டிவிச் சத்தம் மட்டும். மறுபடி அழுத்தினார். டக். ஒன்றுமில்லை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவருடைய தோள்கள் இறங்கின. அப்படித்தான் முதலில் நினைத்தேன், பாவம் தோள் சோர்ந்துவிட்டது என்று. இல்லை. நெஞ்சிலிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது, பல நாளாக உள்ளேயே வைத்திருந்த மூச்சு, நெற்றியிலிருந்த கோடுகள் ஒவ்வொன்றாக அழிந்தன, கல்யாணமான புதுசில் தூங்கும்போது இருக்குமே அந்த முகம். "சரி விடு" என்றார், எவ்வளவு லேசாகச் சொன்னார். "சுச்சு வேல செய்யுது பாரு, அப்ப மிசின்தான் செத்துக் கெடக்குது. நாளைக்கே திருப்பி அனுப்பீரலாம். அது வந்து சேர எப்படியும் ஒரு மாசம் ஆயிப்போயிரும். அப்புறம் மழ வந்துரும்." நான் நினைத்த அதே வார்த்தைகள், அதே வரிசை. என் வாயால் சொல்ல வேண்டியதை அவர் வாய் சொல்கிறது. "டீ வெக்கிறயா சாந்தா?" என்று கேட்டார், கேட்டுவிட்டு ஏதோ பாட்டை முணுமுணுக்கிற மாதிரிகூட இருந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவர் முணுமுணுத்தே நான் கேட்டதில்லை.

இதுவரைக்கும் நான் பட்டதெல்லாம் பயமேயில்லை, இதுதான் பயம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முன்விளக்கு வாங்கினார், அது வந்தால் போகலாம் என்றார். அப்புறம் புது சீட் பெல்ட், அது வந்தால் போகலாம் என்றார். அப்புறம் இழுவைக் கயிறு, அப்புறம் கவிழ்ந்தால் தாங்குகிற மேல்கம்பி, அப்புறம் இந்தக் கம்ப்ரசர். ஒவ்வொன்று வரும்போதும் போகத் தயாராகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் தயாராகவில்லை. தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். சாமான் வாங்கி வாங்கி எங்கள் ரெண்டு பேர் கண்ணையும் மறைத்துக்கொண்டிருந்தார். ஜீப்பை ரிப்பேர் பட்டறையிலிருந்து மச்சினன்தான் ஓட்டி வந்து இந்த இடத்தில் நிறுத்தினான், அதற்குப் பிறகு இவர் உள்ளே உட்கார்ந்து நான் பார்த்தேனா? பார்க்கவில்லை. ஸ்கூட்டரில் என் பின்னால்தான் உட்காருகிறார், வளைவு வந்தால் என் தோளை இறுக்கிப் பிடிக்கிறார், கை வலி என்று நினைத்தேன். ரோட்டைக் கடக்க நிற்கும்போது யாராவது முதலில் போகட்டும் என்று நிற்கிறார். இத்தனை நாளும் என் பயத்தை எங்கே இறக்கி வைத்தேன்? அவருக்குப் பயமில்லை என்பதன் மேலேதான். ஒருத்தருக்காவது இல்லையே என்று. அந்த இடம் காலி. இப்படியே விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று, கம்ப்ரசர் திரும்பி வரும், அதற்குள் வேறு ஒன்று வேண்டியிருக்கும், மழை முடியும், வெயில் வரும், ஜீப் புதுசு புதுசாக நிற்கும், அவர் ரோட்டைக் கடப்பதை நிறுத்துவார், அப்புறம் வாசலைக் கடப்பதை. என் கையாலேயே நான் அதற்கு ஒரு ஃப்யூஸ் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

டீ வைக்கப் போகிறவள் மாதிரித் திரும்பினேன், கால் அடுப்படிக்குப் போகவில்லை. பானட்டுக்குப் போனேன். மூடியைத் திறந்தேன், எரிந்ததைப் பிடுங்கினேன், விரல் வழுக்கியது, நல்லதை வைத்து அழுத்தினேன். "என்ன பண்ற?" என்றார். "இப்ப அழுத்துங்க." "எதுக்கு, அதான் செத்துருச்சே." "நாந்தானுங்க எரிஞ்ச ஃப்யூஸப் போட்டேன்" என்று சொல்லிவிட்டு அதை அவர் உள்ளங்கையில் வைத்தேன். வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார், உருகிய கம்பியின் இடைவெளியை. கோபப்படுவார் என்று நின்றேன். ஏன் போட்டாய் என்று கேட்பார், நீங்க சாகக் கூடாதுங்க என்று சொல்ல வேண்டும், சொல்ல வராது. அவர் ஃப்யூஸைக் கீழே இறக்கினார். அப்புறம், தாழ்ந்த குரலில், "போட்டது போட்ட, ஏன் திருப்பி மாத்துன?" என்றார்.

"உங்க மூஞ்சியப் பாத்தேன்" என்றேன்.

அவர் ஃப்யூஸை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். கட்டைவிரல் நடுங்கியது, மணிக்கட்டினால் இல்லை என்று இப்போது தெரிகிறது, எப்போதுமே மணிக்கட்டினால் இல்லையோ என்னவோ. நானே கையை விட்டுச் சுவிட்சை அழுத்தினேன். டக்கென்றது, உடனே பானட் முழுக்க ஒரு வெறிபிடித்த சத்தம், தகரக் கூரைமேல் ஆயிரம் பேர் ஓடுகிற சத்தம், ஜீப்பே நடுங்கியது, நான் பின்னால் துள்ளிப் போய் போர்டிகோத் தூணுக்குப் பின்னால் நின்றேன், திரும்பிப் பார்த்தால் அவரும் அங்கேதான் நிற்கிறார், கெட்ட காலோடு எப்படி அவ்வளவு வெரசாக வந்தார் தெரியவில்லை. ஒரு தூணுக்குப் பின்னால் ரெண்டு பேர். காற்றளவு காட்டுகிற முள் ஏறுகிறது. சிலிண்டருக்குள் காற்று ஏறுகிறது, ஏறட்டும் ஏறட்டும், எவ்வளவு ஏறும், எப்போது நிற்கும், நிற்காவிட்டால், நான் கட்டிய ஒயர், நான் சுற்றிய டேப், அவர் மூச்சு என் கழுத்தில் சூடாக. நின்றது. தானாகவே நின்றுகொண்டது, காற்று நிறைந்ததும் நிறுத்துவதற்கென்று வைத்த சுவிட்ச் சொன்னபடி செய்தது. சோப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து மூட்டுக்கு மூட்டு தடவினேன். ஒரு இடத்தில் மட்டும் குமிழி விட்டது, ஸ்பேனரை எடுத்து இறுக்கினேன், இந்தத் தடவை சும்மா கையை அசைக்காமல் நிஜமாகவே.

"வாங்க" என்றேன். "எங்க?" "கொளத்துக்கு." ஊருக்கு மேற்கே வறண்டு கிடக்கிற குளம், கரையிலிருந்து உள்ளே இறங்க மண் லாரி போன தடம் இருக்கிறது. அவர் ஜீப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ எதுக்கு?" "நானும் வர்றனுங்க." இதைச் சொன்னது யார் என்று எனக்கே தெரியவில்லை, நான் அந்த ஜீப்பில் ஏறியதேயில்லை, மலைக்குக் கூப்பிட்டபோதெல்லாம் மோட்டார் வேலை இருக்கிறது என்றவள். ஏறி உட்கார்ந்தேன். சீட் பெல்ட் நாக்கு ரெண்டு தடவை தவறித்தான் மாட்டிக்கொண்டது. அவர் மறுபக்கம் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, பார்த்தால் போக வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அப்புறம் சீட் அமுங்கியது, கதவு சாத்தியது. தெருவைத் தாண்டும்வரை மாட்டுவண்டி வேகம், பின்னால் பைக்கில் வந்த ஒருத்தன் ஹார்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான், அவர் நெற்றியிலிருந்து வியர்வை தாடைவரை ஓடியது, துடைக்க ஸ்டியரிங்கை விடவில்லை.

கரைமேல் தார் ரோட்டோரமாக நிறுத்தினார். முன்னால் தடம் சட்டென்று கீழே விழுகிறது, பக்கத்தில் வேலிகாத்தான் முள், தூரத்தில் ஒரு பெண் ஆடு மேய்க்கிறாள், இங்கிருந்து அவள் கையகலம்தான் இருக்கிறாள். நான் இறங்கினேன், ஒவ்வொரு டயராக உட்கார்ந்து வால்வை அழுத்திக் காற்றைத் திறந்துவிட்டேன். அந்தச் சத்தம் என் விரலுக்கு அடியிலேயே வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு விடாமல் பிடித்தேன், "போதும், போதும், அந்தளவுக்கு எறக்காத" என்று அவர் தலையை வெளியே நீட்டிச் சொல்லும்வரை. ஏறி உட்கார்ந்தேன். "நீ ஓட்டறயா?" என்றார். "எனக்கு ஓட்டத் தெரியாதுங்களே." "எனக்கும் மறந்துபோச்சு சாந்தா" என்றார், இந்தத் தடவை சிரிக்கவில்லை. பிறகு ஜீப்பின் மூக்கு தாழ்ந்தது, கண்ணாடியிலிருந்து வானம் போய்விட்டது, முழுக்க மண், சிவந்த மண், நான் கத்தினேன், வாயில் என்ன வந்ததோ கத்தினேன், பக்கத்தில் இன்னொரு சத்தம், அவரும் கத்துகிறார், ரெண்டு பேரும் கத்திக்கொண்டே இறங்கினோம், டயர் மண்ணை மென்றுகொண்டே போயிற்று, அடியில் ஒரு குலுக்கல், நின்றுவிட்டது.

ஆட்டுக்காரப் பெண் ஓடி வந்தாள். "ஏனுங்க, யாருக்காச்சும் அடிகிடி பட்டுருச்சுங்களா, இப்பிடிக் கத்துனீங்க?" "ஒண்ணுமில்ல தாயி, வண்டி பழகறோம்" என்றார் அவர். அவள் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அக்கட்டாலே சரிவில்லாத தடம் ஒண்ணு இருக்குதுங்க, அதுல போயிருங்க" என்று சொல்லிவிட்டு ஆடுகளிடம் போனாள். அவர் போனை எடுத்தார். மயில்சாமி அண்ணனைத்தான் கூப்பிட்டார். "அண்ணா, ஞாயித்துக்கெழம நான் வரலீங்க. இல்லீங்க, கம்ப்ரசர் நல்லா ஓடுது. வண்டியில ஒரு கொறையுமில்ல. எனக்குத்தானுங்க பயமா இருக்குது." போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். "இங்கயே கொளத்துல கொஞ்ச நாள் ஓட்டிப் பாக்கறனுங்க. அப்புறம் வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, அதைவிடப் பெரிதாக வேறு ஒன்று வந்தது, திரும்பிக் கரையைப் பார்த்துவிட்டேன். மேலேயிருந்து பார்த்ததைவிட இங்கிருந்து அது ரெண்டு மடங்கு உயரம். "அந்தப் பக்கத் தடத்துலயே போயிரலாமுங்க" என்றேன். "அப்பக் காத்து எறக்குனது எதுக்கு?" என்றார். சொல்லிக்கொண்டே கியரைப் போட்டுவிட்டார். பாதி ஏறி டயர் சுற்ற, ஜீப் பின்னாலேயே வழிந்து இறங்கியது, நான் சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். மறுபடி. இந்தத் தடவை கண்ணாடி முழுக்க வானம் மட்டும், கீழே மண் இருக்கிறதா என்றே தெரியவில்லை, அவர் முனகிக்கொண்டே ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுகிறார், ஒரு தூக்கு, ஒரு இடி, தார் ரோடு.

ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார், வேலிகாத்தான் மறைவுக்குப் போய் வாந்தி எடுத்தார். நான் சீட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறேன். வாந்தி நின்று, மறுபடி எடுத்து, நின்றது. எப்படியோ இறங்கி, தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாயைக் கொப்பளித்தார், முகத்தைக் கழுவினார், சட்டை நுனியில் துடைத்துக்கொண்டார். அமுங்கிக் கிடந்த நாலு டயரையும் சுற்றி வந்து பார்த்தார். அப்புறம் தார் ரோட்டில் என் எதிரே முட்டியை மடக்க முடியாமல் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்து, முதல் டயரின் வால்வு மூடியைத் திருகிக் கழற்றினார்.

"காத்தடிக்கிற ஹோஸ எடு சாந்தா" என்றார்.